பாரக்ஸுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? காவிரிப் படுகையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

திருச்சிக் கோட்டைப் பகுதியில் மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு என்ற பெயர்ப் பலகைகளைப் பார்க்கும் பிள்ளைகள், இந்த இடத்துக்கும் புலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதுண்டு. தொடர்பு எதுவும் இல்லை. 'புலவார்டு' என்ற பிரெஞ்சுச் சொல்தான் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. தொடக்கத்தில் அது கோட்டையின் அரணைக் குறித்த சொல். ஐரோப்பிய நகரங்களில் அரண்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் அகன்ற சாலைகளைப் போட்டபோது, அரணின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. திருச்சியிலும் 19 ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள்; மெயின்கார்டு கேட் மட்டும் மிஞ்சியது. தஞ்சாவூரில் கீழ அலங்கம், மேல அலங்கம் என்று தெருக்கள் இருக்கின்றன. அலங்கம் என்றால் கோட்டை மதிலைச் சேர்ந்த அரண். ஆக, படை விட்டுப் போன நிலத்தின் மேல்தான் இந்த இரண்டு ஊர்களிலும் நாம் இன்றைக்கும் நடந்து போகிறோம். அந்த நிலம் எப்படி ஒதுக்கப்பட்டது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதைத் தொடக்க நிலை வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பாரக்ஸ் என்பது படைவீரர்கள் கூட்டாகத் தங்கும் நீண்ட கட்டடம். லைன் என்பது வரிசை வரிசையாக அமைந்த குடிசைகள் அல்லது சிறு வீடுகள். இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலும் இவற்றில்தான் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கண்டோன்மெண்ட் என்பது பாரக்ஸ், லைன், மருத்துவமனை, பஜார், அணிவகுப்புத் திடல், அதிகாரிகளின் பங்களாக்கள் ஆகிய அனைத்தும் அடங்கிய, எல்லைக்கல் நட்டு ஊரிலிருந்து பிரிக்கப்பட்ட படைப் பகுதி. ஒதுக்கு நிலம் என்பது, இன்று எதுவும் கட்டாவிட்டாலும் வேறு யாரும் அங்கே கட்டக் கூடாது என்று அரசு முன்கூட்டியே தன் கையில் வைத்துக்கொள்ளும் நிலம்.

ஒதுக்கு நிலம் என்ற கருத்து டெல்டாக்காரர்களுக்குப் புதிதன்று. நம் கிராமங்களில் குடியிருக்க நத்தம், மாடு கூடுவதற்கு மந்தைவெளி, நெல் அடிக்கக் களம், மேய்ச்சலுக்கும் நீர்வழிக்கும் புறம்போக்கு என்று நிலம் பிரிந்தே கிடக்கிறது. வரிக்கணக்குக்குப் புறமாகப் போன நிலம் என்பதுதான் புறம்போக்கு என்ற சொல்லின் பொருளே. களத்தில் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே வேலை நடந்தாலும், அதை வீட்டுமனையாக்கிவிட்டால் அறுவடைக் காலத்தில் ஊரே தவிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். படைக்கான ஒதுக்கு நிலமும் இதே கணக்கில்தான் நிற்கிறது. ஆனால் கிராமத்து ஒதுக்கு நிலம் ஊரார் புழங்குவதற்காக இருந்தது. படையின் ஒதுக்கு நிலமோ ஊராரை விலக்கி வைப்பதற்காக இருந்தது. இந்த வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு பட்டாளம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கட்டில் போட்டுப் படுத்து, தன் பெட்டியையும் துப்பாக்கியையும் வைத்துக்கொள்ள 60 சதுர அடி என்று கொண்டால், ஆயிரம் பேருக்கு 60,000 சதுர அடி, அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் குறைவான தளப்பரப்பு போதும். இப்போது அதே ஆயிரம் பேரை இரண்டு வரிசையாக நிறுத்துங்கள். ஒரு வரிசையில் 500 பேர், ஒவ்வொருவருக்கும் தோளோடு தோள் இரண்டு அடி. அந்த வரிசையின் நீளம் 1,000 அடி. வரிசை குலையாமல் முன்னேறவும் திரும்பவும் பழக வேண்டுமானால் பக்கத்துக்கு 1,000 அடி கொண்ட சதுரத் திடல் தேவை, அது ஏறத்தாழ 23 ஏக்கர். படுக்க வேண்டிய இடத்தைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேலான இடம், நடந்து பழகுவதற்கு மட்டுமே வேண்டியிருக்கிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பக்கத்துக்கு 100 கஜம் (ஒரு கஜம் மூன்று அடி) உள்ள ஒரு சிறு கோட்டை இருக்கிறது என்று கொள்வோம். அதைச் சுற்றி நான்கு புறமும் 400 கஜத்துக்கு வீடோ தோப்போ இருக்கக் கூடாது என்று விதித்தால், காலியாக விட வேண்டிய நிலம் 165 ஏக்கர் ஆகிறது. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்பதால், இது 25 வேலி. 25 வேலி நஞ்சை என்பது என்ன என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சிறு கோட்டையின் பாதுகாப்புக்காக அவ்வளவு நிலம் உழவின்றிக் கிடக்க வேண்டும் என்றால், பாரக்ஸ் திட்டம் என்பது அடிப்படையில் கட்டடத் திட்டமா, நிலத் திட்டமா என்பது விளங்கிவிடும்.

அந்தக் காலி வெளி எதற்கு? கோட்டை மதிலுக்கு அருகில் வீடுகள் இருந்தால், முற்றுகையிடும் எதிரி அந்தச் சுவர்களையே மறைவாகக் கொண்டு நெருங்கி வந்துவிடுவான். மதிலில் நிற்கும் பீரங்கிக்குக் குறி தெரியாது. இதை ஆங்கிலேயரின் சென்னைக் குடியேற்றம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1746 இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள்; 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை மறுபடி முற்றுகையிட்டார்கள். கோட்டையின் வடமதிலை ஒட்டி அதற்கு முன்பே ஒரு பெரிய ஊர் வளர்ந்திருந்தது. அந்த ஊரை இடித்து அகற்றித்தான் எஸ்பிளனேடு என்ற வெட்டவெளி உருவாக்கப்பட்டது. அதற்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக 1773 இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன; அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. முதலிலேயே நிலத்தை ஒதுக்கியிருந்தால் அது வெறும் தரிசாக இருந்திருக்கும். பிந்தி ஒதுக்கியதால் அங்கே குடியிருந்தவர்களின் வீடுகள் போயின. வளரும் குடியேற்றத்தில் நில ஒதுக்கீட்டின் முதல் பாடம் இதுவே: ஊர் வளர்வதற்கு முன் செய்தால் கோடு போடும் வேலை, வளர்ந்த பின் செய்தால் இடிக்கும் வேலை.

இதைக் கண்ணால் பார்க்கத் தரங்கம்பாடியை விட நல்ல இடம் டெல்டாவில் இல்லை. 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். தொடக்கத்தில் எல்லாமே அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தன. கீழ்த்தளத்தில் சரக்கறைகள், சிறை, வீரர்கள் தங்கும் அறைகள். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும். குடியேற்றத்தின் முதல் கட்டம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்: ஆள் குறைவு, அச்சம் மிகுதி, ஆகவே பண்டகசாலையும் பாரக்ஸும் ஒரே கூரையின் கீழ் அடங்கிவிடும். தாழ்ந்த வளைகூரையுள்ள அந்தக் கீழறைகளில் ஐந்து நிமிடம் நின்றாலே, மிளகு மூட்டைக்கு ஏற்ற அறை மனிதனுக்கு ஏற்றதன்று என்பது தெரியும். கடல் பத்தடியில் இருப்பது போல ஓசை கேட்கிறது, ஆனால் காற்று உள்ளே வருவதில்லை. ஊர் வளர்ந்த பிறகு மதில் கோட்டையிலிருந்து விலகி ஊரையே சுற்றி எழுந்தது. இன்று நாம் நுழையும் நகர வாயிலில் 1792 என்ற ஆண்டு இருக்கிறது. ஊரைச் சுற்றி மதில் எழும்பி உள்ளே தெருக்கள் நிறைந்த பின்னும், கோட்டைக்கும் தெருக்களுக்கும் இடையே அணிவகுப்புத் திடல் காலியாகவே காக்கப்பட்டது. இராஜ வீதியிலிருந்து வந்து அந்தத் திடலின் ஓரத்தில் நின்றால் கோட்டைச் சுவர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. சுவரிலிருந்து பார்ப்பவருக்கு நாமும் அப்படித்தான் மறைவின்றித் தெரிவோம். ஒதுக்கு நிலம் என்ற கருத்தை இதை விடச் சுருக்கமாக விளக்க முடியாது.

கடற்கரையில் மணல்மேடு கிடைத்தது. உள்நாட்டு டெல்டாவில் நிலைமை வேறு. கல்லணைக்குக் கிழக்கே காவிரி கிளை கிளையாகப் பிரிந்து, வாய்க்காலும் மடையுமாக ஒவ்வொரு வயலையும் தொடுகிறது. அங்கே யாருக்கும் சொந்தமில்லாத சமநிலம் என்பது அரிது. ஒவ்வொரு துண்டுக்கும் மிராசுதாரும் பாசனப் பங்கும் உண்டு. ஒரு வயலைத் தூர்த்தால் அதன் வழியே நீர் பெறும் அடுத்த பத்து வயல்களும் காயும். அதோடு ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வயல்வெளி நீர்க்காடாகும்போது, பீரங்கி வண்டியின் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கும். குதிரைக்குக் குளம்பு அழுகும். தேங்கிய நீரின் கொசு காய்ச்சலைக் கொண்டுவரும். வருவாய்க் கணக்கிலும் இது நட்டம். தஞ்சாவூர்ச் சீமையின் மதிப்பே அதன் நெல்லில்தான் இருந்தது என்பதால், நஞ்சையைப் படைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வேலிக்கும் நிலவரி குறையும்.

ஆகவே டெல்டாவில் படைக்கு இடம் தேடியவர்கள், காவிரி நீர் ஏறாத மேட்டைத்தான் தேடினார்கள். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே உள்ள வல்லத்தின் செம்மண் மேடும், அங்கே இருந்த பழைய கோட்டையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கண்ணில் முதலிலேயே பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம். 1771 இல் தஞ்சையை நோக்கி வந்த படை வல்லத்தைப் பிடித்தது. தஞ்சை நகருக்குள்ளோ இன்னொரு தடை இருந்தது. 1799 உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தாலும், கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் மன்னரிடமே இருந்தன. நாட்டை ஆள்பவர்கள் தலைநகரின் கோட்டைக்கு வெளியே இடம் பார்க்க வேண்டியிருந்தது.

திருச்சியே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மலைக்கோட்டையைச் சுற்றிய பழைய கோட்டை ஏறத்தாழ ஒரு மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்டது. 1750 களின் போர்களில் அதற்குள் நின்றுதான் கம்பெனிப் படை பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்தது. போர் ஓய்ந்து படை நிலையாகத் தங்க வேண்டி வந்தபோது, நெருக்கமான கோட்டைத் தெருக்கள் அதற்கு ஒவ்வவில்லை. காவிரியை ஒட்டிய வடபுறம் நஞ்சையும் தோப்பும். தெற்கே, உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கடந்தால், மெல்ல உயரும் வறண்ட வெளி. கண்டோன்மெண்ட் அந்தப் பக்கம்தான் பரவியது. நகரத்தின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் உயிரான ஒரு வாய்க்கால், கோட்டை ஊருக்கும் படைப் பகுதிக்கும் இடையே எல்லைக்கோடு போல ஓடும்படி ஆயிற்று. 1826 இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் ஹீபர் திருச்சிக்கு வந்தபோது, தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் தனக்கென ஒரு தேவாலயமும் கொண்ட பகுதியாகக் கண்டோன்மெண்ட் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று இங்குக் குளிக்கும்போது உயிரிழந்த அவரை, தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

இடம் கிடைத்த பிறகு உள்ளே எதை எங்கே வைப்பது என்பது அடுத்த வேலை. இதில் காற்றும் நீரும் சாய்வுமே கணக்கு. நீளமான பாரக்ஸைக் கிழக்கு மேற்காக வைத்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் மட்டுமே விழும். நீண்ட பக்கங்கள் தெற்கும் வடக்கும் நோக்கி, ஆடிக்காற்றையும் வாடையையும் உள்ளே விடும். இரு பக்கமும் அகன்ற தாழ்வாரம் இறக்கினால் சுவர் சூடேறாது, சாரலும் உள்ளே அடிக்காது. ஒரு கட்டடத்தின் காற்றை அடுத்தது மறைக்காதபடி இடைவெளி விட வேண்டும். கிணறு மேட்டில் இருக்க வேண்டும். கழிப்பிடமும் குதிரை லாயமும் சரிவின் கீழே, காற்று போகும் பக்கம். அடுப்பு எரியும் சமையற்கட்டு தனிக் கட்டடம். வெடிமருந்துக் கிடங்கு எல்லாவற்றிலிருந்தும் விலகி, தனி மதிலுக்குள். இடுகாடு வெளி எல்லையில், கிணறுகளுக்குக் கீழ்ச்சரிவில். நம் பெரியவர்கள் மனை பார்க்கும்போது கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான்.

இந்த விதிகள் எளிதில் வந்துவிடவில்லை. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் போரில் மாண்டவர்களை விட நோயில் மாண்டவர்களே மிகப் பலர். 1859 இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழு 1863 இல் அறிக்கை தந்தபோது, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 69 பேர் இறந்துவந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்த விசாரணையில் பெரும் உழைப்பைச் செலுத்தியவர்; கெட்ட குடிநீர், வடிகால் இன்மை, பாரக்ஸில் ஆள் நெரிசல் ஆகியவற்றையே அவர் முதன்மைக் காரணங்களாகக் காட்டினார். அதன் பிறகு பாரக்ஸ் என்றால் தலைக்கு இத்தனை கன அடி காற்று என்று கணக்கிடும் வழக்கம் வலுப்பட்டது. ஒதுக்கு நிலத்துக்கும் புதிய பொருள் வந்தது. எதிரியின் பீரங்கிக்காக விடப்பட்ட வெளி, இனி நோய்க்கு அஞ்சி விடப்பட்ட வெளி ஆயிற்று. சுற்றியுள்ள ஊரே நோயின் ஊற்று என்று நினைத்து, ஊருக்கும் பாரக்ஸுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டினார்கள். அந்தத் தூரத்துக்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பங்கையாவது ஊரின் சாக்கடைக்கும் செலவழித்திருந்தால் இரு தரப்பும் பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த அக்கறை சிப்பாய் லைனை எட்டவே இல்லை. ஐரோப்பிய வீரருக்கு அரசு செங்கல் பாரக்ஸ் கட்டித் தந்தது. இந்தியச் சிப்பாய்க்குக் குடிசை போட்டுக்கொள்ளச் சிறு தொகை கொடுத்தது, குடிசையை அவரே போட்டுக்கொண்டார். மண் சுவர், கீற்றுக் கூரை, அதற்குள் மனைவி, பிள்ளைகள், வயதான தாய். படை இடம் மாறினால் குடிசையை விட்டுவிட்டுப் போய், புதிய ஊரில் மறுபடியும் மூங்கிலும் கீற்றும் தேட வேண்டும். வரைபடத்தில் லைன் நேர்கோடுகளாக அழகாகத் தெரியும். நிலத்தில் அது ஒரு கூரையில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரியும் ஏற்பாடு.

பஜாரையும் விட்டுவிட முடியாது. ஆயிரம் வீரர்கள் தங்கும் இடத்தில் அரிசி வியாபாரி, வண்ணார், தையற்காரர், வண்டிக்காரர், புல்லுக்கட்டு சுமப்போர், சமையற்காரர் என்று அவர்களைப் போல இரு மடங்கு ஆட்கள் வந்து சேர்வார்கள். திட்டத்தில் இவர்களுக்கு இடம் விடாவிட்டால், ஒதுக்கு நிலத்தின் ஓரத்தில் அவர்களாகவே குடியேறுவார்கள். பத்து ஆண்டில் அது தெருவாகிவிடும். தேர்ந்த திட்டக்காரர்கள் பஜாருக்கு முதலிலேயே கோடு போட்டார்கள்.

கடைசியாக, உரிமை. கண்டோன்மெண்டில் பங்களா கட்டியவருக்குக் கட்டடம் சொந்தம், மனை சொந்தமில்லை. 1836 இல் வங்காளப் படைப் பகுதிகளுக்கு வந்த ஆணை இதைத் தெளிவாக எழுதியது: ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, கட்டடத்தின் மதிப்பைத் தந்துவிட்டு, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒதுக்கு நிலம் கைவிட்டுப் போகாமல் நின்றதற்கு இந்த ஏற்பாடே காரணம். உழுதுகொண்டிருந்தவரிடமிருந்து நிலத்தை எடுப்பதற்கோ தனிச் சட்டங்கள் வந்தன. 1894 இன் நில எடுப்புச் சட்டம் அவற்றில் நீண்ட காலம் நின்றது. இழப்பீடு பட்டா வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவருக்கும், அந்தத் தரிசில் மாடு மேய்த்தவருக்கும் கணக்கில் பெயரே இல்லை.

தமிழ்நாட்டில் இன்று சட்டப்படி கண்டோன்மெண்டாக இருப்பவை சென்னையின் பரங்கிமலையும் நீலகிரியின் வெலிங்டனும் மட்டுமே. திருச்சியில் பட்டாளம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. ஆனால் ஒதுக்கு நிலம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது: ஒரே கையில், பெரிய துண்டுகளாக, அகன்ற சாலைகளோடு இருந்த நிலம் என்பதால், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் மத்தியப் பேருந்து நிலையமும் அந்தப் பகுதியில்தான் அமைந்தன. தரங்கம்பாடியில் நேர் எதிரானது நடந்தது. 1845 இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கலெக்டரின் தலைமையிடமாகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1860 இல் அந்தச் சிறப்பையும் இழந்தது. நிரப்புவதற்கு ஊர் வளரவில்லை. அதனால் அணிவகுப்புத் திடல் அப்படியே கிடக்கிறது. மாலையில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள், கோட்டைச் சுவர் பார்த்துக்கொண்டிருக்கிறது.